ஏலக்காய் ஸ்டோரில் முறுக்கிய படகு

போன வாரம் ரம்யா போனில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது என் மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். குரல் அழப்போகிற மாதிரி இருந்தது.

"சரசக்கா, பிரிண்டர்ல போட்ட படகு ஹல்லு வால் பக்கம் கீழ வளஞ்சு வந்துருக்குங்க்கா. வேகமா ஓட உட்டா மூக்கு தண்ணிக்குள்ள போகுது. என்னங்க்கா பண்றது?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். படகின் உடலையே பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் தரும் அந்த 3D பிரிண்டரை நான் ஓய்வு பெற்ற சமயத்தில்தான் வாங்கினார்கள். இனி கை படாமலே படகு வரும், தப்புக்கு வழியே இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த மெஷினும் எங்களைப் போலவே வாலைக் கோணலாக்கி வைக்கிறது என்று கேட்டதும் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியமே வந்துவிட்டது. ரம்யாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள், "இந்த மாதிரி கதையெல்லாம் எழுதி வெய்யிங்க்கா, நீங்க போன்ல சொல்றது பாதி மறந்து போகுது" என்றாள். அதனால் இதை எழுதுகிறேன். கதை வேண்டுமென்று கேட்டவளுக்குக் கொஞ்சம் நீளமாகவே கிடைக்கட்டும்.

எங்கள் பட்டறை கோவிந்தாபுரம் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை. ரிமோட்டில் ஓடும் மாடல் படகுகள் செய்வோம். முழுப் படகாகவும் விற்போம், விலாச்சட்டங்கள், மோட்டார், ரிமோட், வரைபடம் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, வாங்குகிறவரே பலகை தேடிக் கட்டிக்கொள்ளும்படியும் விற்போம். என் சொந்தக்காரர்கள் அதைப் பொம்மைக் கம்பெனி என்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் நான் பந்தியில் உட்கார்ந்தபடியே சண்டைக்குப் போய்விடுவேன். பொம்மை தரையில் நிற்கும். எங்கள் சரக்கு தண்ணீரில் நிற்க வேண்டும். தண்ணீரிடம் யாருடைய சமாதானமும் எடுபடாது.

உப்புத்தாள் தேய்க்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். பிறகு பலகை ஒட்டும் வேலை, அதன் பிறகு ரிப்பேர் மேசை. அங்கே போனதும் என் வாழ்க்கையே திருவிழாவாகிவிட்டது. பெட்டி வாங்கிப்போய்ச் சொந்தமாகக் கட்டிக் கெடுத்தவர்கள் எல்லாம் படகைத் தூக்கிக்கொண்டு எங்களிடம்தான் வருவார்கள். படகின் உடலைத்தான் ஹல் என்கிறோம். அதைக் கெடுக்க மனிதர்கள் கண்டுபிடித்திருக்கும் வழிகளுக்கு முடிவே கிடையாது. ஒரு பக்கத்துப் பலகைகளை எல்லாம் முதலில் ஒட்டி முடித்துவிட்டு, மறுபக்கத்தை மறுநாள் ஆரம்பிப்பார்கள். ஹல் வாழைப்பழமாகிவிடும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும் என்பதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பின்பக்க விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டிய இடத்தில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று உருட்டித் தேய்த்து வைப்பார்கள். தண்ணீர் அந்த உருட்டலைப் பிடித்துக்கொண்டு படகை விடவே விடாது. ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் இன்று என்ன கூத்து என்று ஆசையாக எட்டிப் பார்ப்பேன்.

பட்டறைக்குப் பெரியவர் நாராயணன் சார். கல்பாத்திக்காரர். வயதில் சிறியவர்களையும் நீங்கள் என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும், அதுதான் எங்களுக்கு அபாயச் சங்கு. உடைந்த படகு ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் யாரும் கருவியைத் தொடக் கூடாது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. படகை அதில் விட வேண்டும். சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிடுவார். படகு எந்தப் பக்கம் சாய்கிறது, தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு எங்களைப் பார்ப்பார்.

"ஜலம் என்ன சொல்றதுன்னு கேட்டேளா? ஒரே வாக்கியத்துல சொல்லுங்கோ பார்ப்போம்."

அந்த ஒரு வாக்கியம் சரியாக வரும்வரை உள்ளே விட மாட்டார். முதல் வருஷம் நான் பத்து வாக்கியம் சொல்வேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நன்னா பேசறேள். ஆனா படகு இவ்வளவு பேசலையே" என்பார். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும், தொட்டியைப் பார்த்து முறைப்பேன்.

பட்டி என்ற சொல்லை அவர் முன் எடுத்தாலே ஆபத்து. பள்ளத்தை நிரப்பும் அந்தப் பசையைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். "பட்டியை வெச்சு மூடினா தப்பு போகாது, கனம்தான் கூடும்" என்பார். ரம்யாவின் படகுக்கு வந்த அதே வால் கோளாறோடு கோயம்புத்தூரிலிருந்து ஒரு படகு முன்பு வந்தது. அதன் சொந்தக்காரர் மூக்கு மூழ்குகிறதே என்று பின்னால் ஈயக் கட்டி வைத்திருந்தார். சார் ஈயத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். நேரான ஒரு இரும்புப் பட்டையின் விளிம்பில் கரியைத் தடவி ஹல்லின் அடியில் நீளவாக்கில் இழுத்தார். கரி ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். வால் நுனியில் மட்டும் கரி திட்டாக ஒட்டியிருந்தது. அந்த மேட்டை நீளமான கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தேன், மறுபடி கரி, மறுபடி தேய்ப்பு. அடிமுழுக்க ஒரே கோடாகக் கரி விழுந்தபோது நான் கொட்டகையில் குதித்தேன். சார் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதெல்லாம் முன்னுரை. நான் சொல்ல வந்தது வண்டன்மேட்டுப் படகை.

ஒருநாள் பட்டறைக்கு ஒரு பெண் போன் செய்தாள். பேர் பேச்சியம்மாள். வண்டன்மேட்டுப் பக்கத்தில் ஒரு ஏலத் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. எங்களிடம் ஒரு பெட்டி வாங்கி அவளே படகு கட்டியிருக்கிறாள். அது சும்மா ஓடும்போது நேராகப் போகிறதாம், கயிற்றை இழுத்துக்கொண்டு போனால் இடது பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கரைக்கே வந்துவிடுகிறதாம்.

"எதுக்கும்மா படகுல கயிறு கட்டறேள்?" என்று சார் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அவள் சொன்னாள். அந்தப் பக்கத் தோட்டங்களில் வேனலுக்குத் தண்ணீர் சேர்த்துவைக்கப் படுதாக் குளம் வெட்டுவார்கள். பெரிய பள்ளம் தோண்டி, உள்ளே முழுக்க பிளாஸ்டிக் படுதா விரித்தது. சரிவு முழுவதும் பாசி. உள்ளே வழுக்கி விழுந்தவர் தானாக ஏற முடியாது, பிடிக்க ஒரு புல் கூட இருக்காது. அவள் புருஷன் முத்தையா அந்தக் குளத்துப் பம்பு ஆபரேட்டர். போன வேனலில் வழுக்கி விழுந்துவிட்டார். பம்புக் குழாயின் மிதவையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவள்தான் ஸ்டோரிலிருந்து ஓடிப்போய்க் கயிறு வீசினாள். காற்றில் கயிறு ஒவ்வொரு தடவையும் தள்ளியே விழுந்தது. ஆள்கள் வந்து சேரும்வரை அவர் கண் முன்னால் அவள் வீசிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"பிழைச்சுட்டாரு சார். ஆனா அதுக்கப்புறம் குளத்துப் பக்கம் போகவே மாட்டேங்கிறாரு. முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லச் சொல்லிட்டாரு. பம்பு வேலை இல்லன்னா தோட்டத்து வீடும் இல்ல. கயிறு நேரா வந்து சேருற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டுனா போவாருன்னுதான் இதைக் கட்டுனேன்."

கரையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை ஒரு மிதவையோடு படகு இழுத்துப்போய்த் தண்ணீரில் கிடப்பவரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் அவள் யோசனை. நாங்கள் அந்தப் பெட்டியை விற்றபோது எங்களில் ஒருவருக்கும் அப்படித் தோன்றியதில்லை. சார் கடிகாரத்தைக் கழற்றினார், எதிரில் படகே இல்லை என்று உணர்ந்து மறுபடி கட்டிக்கொண்டார்.

"சரஸ்வதி, நீங்கோ போய்ட்டு வாங்கோ" என்றார்.

பட்டறை ஆள் ஒருவரை வெளியூருக்கு ரிப்பேருக்கு அனுப்பியதே இல்லை. என் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி என்று பஸ் மாறி மாறிப் போனேன். கம்பம்மெட்டு ஏற்றத்தில் பக்கத்து சீட்டுக்காரர் பையில் என்ன என்று கேட்டார். "ஆபரேசன் சாமானுங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேச்சி என்னைவிட நன்றாகவே சின்னவள், ஒடிசல், பேசும்போது கையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். முத்தையா ஸ்டோர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, கம்மிய குரல். "வாங்கக்கா" என்று எழுந்து நின்றார். பிறகு, "அவளுக்குத்தான் கிறுக்குன்னா நீங்களும் இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏனுங்க, படகு சரியாச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று நேராகக் கேட்டேன்.

அவர் மறுபடி படியில் உட்கார்ந்தார். "நான் தண்ணிக்குள்ள இருக்கையில அது நேரா எங்கிட்ட வந்து நின்னுச்சுன்னா பம்புக்குப் போறேன். இல்லன்னா கம்பத்துல அண்ணன் வீட்டுக்கு வண்டி ஏறுறோம். அம்புட்டுத்தான்."

ஸ்டோருக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் படகை விட்டோம். கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான படகு, பச்சை எனாமல் அடித்து அழகாகவே இருந்தது. நிற்கும்போது ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. ரிமோட்டில் சுக்கானை வலது பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்து அவள் நேராக ஓட்டிப் பழகியிருந்தாள். அந்த ஒட்டுவேலை ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். கயிறு இழுத்து வேகம் குறைந்ததும் படகு தன் புத்தியைக் காட்டிவிடும். என் ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது: ஹல் முறுக்கியிருக்கிறது.

முறுக்கைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. படகைக் கவிழ்த்து, மூக்குப் பக்கம் ஒரு இரும்பு ஸ்கேலும் வால் பக்கம் ஒரு ஸ்கேலும் குறுக்கே வைக்க வேண்டும். கண்ணை ஸ்கேல் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ள வேண்டும். இங்கே பின் ஸ்கேலின் ஒரு முனை முன் ஸ்கேலுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சியையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மரம் எதுங்க?"

"முள்முருக்கு. மிளகுக்கொடி படர விட்ட மரத்துல கிளை கழிச்சப்ப அறுத்தேன். லேசா இருக்குமேன்னு."

"பச்சையா? எங்க காய வெச்சீங்க?"

அவள் ஸ்டோருக்குள் கூட்டிப்போனாள். அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள், அவற்றில் பச்சை ஏலக்காய். அடியில் அடுப்பின் சூட்டைக் கொண்டுவரும் பெரிய இரும்புக் குழாய். அந்த வாசனையில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. குழாய்க்குப் பக்கத்துத் தட்டைக் காட்டினாள். படகின் இடது பக்கம் குழாயைப் பார்த்திருந்திருக்கிறது.

"காயை இப்படியே போட்டு வெச்சிருவீங்களா?"

"அதெப்படி. தட்டை மாத்தி மாத்திப் போடணும். பைப்பு ஓரத்துல கிடக்கிறத வெளிய, வெளிய கிடக்கிறத உள்ள. இல்லன்னா ஒரு பக்கம் கருகிரும்."

"படகை மாத்துனீங்களா?"

"பசை காயுற வரைக்கும் அசைக்கக் கூடாதுன்னு உங்க ப்ளான்லதான போட்டிருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தினமும் நூறு தட்டு திருப்புகிறவள், எங்கள் வரைபடத்துக்கு மரியாதை கொடுத்து அந்த ஒன்றை மட்டும் திருப்பாமல் விட்டிருக்கிறாள். அவளும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு தப்பு என் மேசைக்கு வந்ததே இல்லை. வேறு எந்த ஊரிலும் வந்திருக்கவும் முடியாது.

உடனே உளியை எடுத்து, படகை மூடியிருந்த மேல்தட்டைப் பெயர்த்தேன். மூடிய பெட்டியை முறுக்க முடியாது, மூடி திறந்த பெட்டியை முறுக்கலாம். முறுக்கிய ஹல்லை நேராக்க அது ஒன்றே வழி. எனாமலைச் சுரண்டி, கொதிநீரில் நனைத்த சாக்கைப் பலகைகள் மேல் போர்த்தினோம். மரம் இளகியதும் ஹல்லை ஒரு தடித்த பலகையில் வைத்து எதிர்ப் பக்கமாக முறுக்கி இறுக்க வேண்டும், நேருக்கும் கொஞ்சம் அதிகமாகவே. என் கிளாம்புகள் போதவில்லை. முத்தையா எழுந்து போய் பம்புக் குழாய்க் கிளாம்புகள் நாலைந்து கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி படியில் உட்கார்ந்துகொண்டார்.

காய வைக்க எங்கே போவது? வெளியே மழையும் மூடுபனியும். மழைக்கு ஒதுங்கின மாதிரி அதே ஸ்டோருக்குள்தான் போனோம். இந்தத் தடவை பேச்சி தட்டுகளை மாற்றும்போதெல்லாம் படகையும் மாற்றினாள். காயோடு காயாக அது சுற்றி வந்தது.

மறுநாள் கிளாம்பைக் கழற்றினேன். ஹல் என் கண் முன்னாலேயே மெதுவாகப் பாதி தூரம் பழைய கோணலுக்குத் திரும்பியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் குளத்திலேயே வீசியிருப்பேன். ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. சாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"பலகை இளகித்து இல்லையா? அப்போ திரும்ப இழுக்கறது பலகை இல்லையாக்கும். வேற யாரோ. உள்ளே பாருங்கோ."

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள் விளிம்பில் நீளமாக ஒரு மரச்சட்டம் ஓடியது. பலத்துக்காக வைப்பது. எப்போது ஒட்டியது என்று பேச்சியைக் கேட்டேன். காய்ந்து எடுத்த பிறகு என்றாள். வளைந்துபோன ஹல்லுக்குள் அதே வளைவோடு ஒட்டி, கோணலுக்கு எலும்பு வைத்துவிட்டாள். அந்தச் சட்டத்தை மூன்று இடத்தில் அறுத்து எடுக்க வேண்டும். பின்னால் இருப்பது விரல் நகத்தளவு தடிமனுள்ள பலகை. ரம்பம் நழுவினால் ஹல் கிழிந்துவிடும், மறுபடி கட்ட நேரம் இல்லை.

ரம்பத்தை எடுத்தேன். படகு கைக்குள் ஆடியது. பேச்சி பிடித்தாள், அப்போதும் அது நழுவியது.

"நகரு. நான் பிடிக்கேன்" என்று முத்தையா எழுந்து வந்தார்.

அவர் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஹல்லை வைத்துப் பிடித்தார். அது சுவரில் பதித்த மாதிரி நின்றது. மூன்று வெட்டும் போட்டு முடிக்கிறவரை அவர் கையை மாற்றவே இல்லை. கடைசி வெட்டு விழுந்ததும் ஹல் அவர் கைக்குள்ளேயே ஒரு துள்ளு துள்ளித் தளர்ந்தது. அவர் என்னைப் பார்த்தார். "விட்டுருச்சுக்கா" என்றார்.

மறுபடி வெந்நீர்ச் சாக்கு, மறுபடி கிளாம்பு, மறுபடி தட்டோடு தட்டாகச் சுற்று. காய்ந்ததும், முறுக்கை நேர் அளவுக்குத் தளர்த்தி, கிளாம்பில் இருக்கும்போதே புதுச் சட்டத்தையும் மேல்தட்டையும் ஒட்டி மூடினேன். மூடியது நேர்நிலையில், அதனால் இனி அது நேர்தான். தண்ணீர் ஊறாதபடி மேலே ரெசின் பூசினேன். சனிக்கிழமை கிளாம்பை எடுத்துவிட்டு ஸ்கேல்களை வைத்தபோது எனக்குக் குனியத் தைரியம் இல்லை. பேச்சியைப் பார்க்கச் சொன்னேன்.

"பின்னாடி ஸ்கேலக் காணோம்க்கா" என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

ஞாயிறு காலையில் குளத்துக் கரையில் முதலாளியும் தோட்டத்து ஆள்களும் நின்றார்கள். நல்ல காற்று. முத்தையா லாரி டியூபை மார்பில் மாட்டிக்கொண்டார். அது போதாதென்று இடுப்பில் ஒரு கயிறு கட்டி இரண்டு ஆள்களைப் பிடிக்க வைத்தேன். சரிவின் விளிம்பு வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. நான் ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

"நீங்க வேணாம்க்கா, அவ ஓட்டட்டும்" என்றார். "நீங்க ஊருக்குப் போயிருவீங்க."

ரிமோட்டை பேச்சியிடம் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, படுதாவில் சறுக்கி உள்ளே போனார். தண்ணீரில் அவர் தலை மட்டும் தெரிந்தது. காற்று அவரைக் குளத்து நடுவுக்குத் தள்ளியது.

பேச்சி படகை விட்டாள். பின்னால் கயிறு நீண்டுகொண்டே போனது. முன்பு சுற்றத் தொடங்கிய இடம் எது என்று அவள் எனக்குக் காட்டியிருந்தாள். அந்த இடம் வந்தது. படகு கொஞ்சம் வேகம் குறைந்தது, திரும்பவில்லை. கயிற்றின் கனம் ஏற ஏற மெதுவாக, நேராக, அவர் முகத்தைப் பார்த்தே போய் டியூபில் முட்டி நின்றது. நான் கரையில் கத்தினேன், என்ன கத்தினேன் என்று இப்போதும் தெரியாது. முத்தையா மிதவையைப் பிடித்தார். ஆள்கள் கயிற்றை இழுக்க, சரிவில் குப்புறப் படுத்தபடி மேலே வந்து சேர்ந்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி அவர் முதுகில் தட்டி என்னவோ சொன்னார். முத்தையா காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். சரி, வீட்டுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவிழ்த்த கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, யாரும் தடுப்பதற்குள் திரும்பி, இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, தானாகவே சறுக்கித் தண்ணீருக்குள் போனார்.

"பேச்சி, இன்னொருக்கா விடு" என்று நடுக்குளத்திலிருந்து அவர் குரல் கேட்டது.